காலாட்படைப் பட்டாலியன் எப்படி அமைகிறது, எப்படி நடத்தப்படுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்திய இராணுவத்தில் சேர விரும்பும் இளைஞர்கள், என்.சி.சி. மாணவர்கள், படையில் இருப்பவர்களின் வீட்டார் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எல்லாம் காலாட்படைப் பட்டாலியனை மனதில் வைத்துச் சொன்னவை. ஆட்பலம் இடத்துக்கும் பணிக்கும் ஏற்பக் கூடும், குறையும். எண்களை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

செக்‌ஷன், பிளட்டூன், கம்பெனி, பட்டாலியன்: எதில் எத்தனை பேர், யார் தலைவர்?

செக்‌ஷனில் 10 பேர். தலைவர் ஹவில்தார் அல்லது நாயக். மூன்று செக்‌ஷன்களும் ஒரு சிறிய தலைமையகமும் சேர்ந்தது பிளட்டூன், ஏறக்குறைய 36 பேர். அதன் தலைவர் பெரும்பாலும் சுபேதார் அல்லது நாயப் சுபேதார். சில பிளட்டூன்களில் இளம் லெஃப்டினன்ட் இருப்பார். மூன்று பிளட்டூன்கள் சேர்ந்து ஒரு ரைஃபிள் கம்பெனி. சுமார் 120 பேர், தலைவர் மேஜர். ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என நான்கு ரைஃபிள் கம்பெனிகள், ஒரு சப்போர்ட் கம்பெனி, ஒரு தலைமையகக் கம்பெனி எல்லாம் சேர்ந்தால் பட்டாலியன், சுமார் 800 பேர். இதைக் கர்னல் நடத்துகிறார். அதிகாரிகள் இருபது பேரளவில்தான் இருப்பார்கள்.

அதற்கு மேல் பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட். பிரிகேடில் வழக்கமாக மூன்று பட்டாலியன்கள். இராணுவத்துக்கு ஆறு களக் கமாண்டுகளும் ஒரு பயிற்சிக் கமாண்டும் உண்டு. தமிழ்நாடு, புனேயிலுள்ள தெற்குக் கமாண்டின் கீழ் வருகிறது. சென்னையில் இருப்பது தட்சிண பாரத் ஏரியாவின் தலைமையகம்.

மெட்ராஸ் ரெஜிமென்ட் என்பது ஒரு பெரிய பட்டாலியனா?

இல்லை. காலாட்படையில் ரெஜிமென்ட் ஒன்றாகப் போருக்குப் போவதில்லை. ஆள் சேர்ப்பு, அடிப்படைப் பயிற்சி, கொடி, மரபு, ஓய்வுபெற்றவர் நலன் இவற்றுக்கான தாய்வீடு அது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் தொடக்கம் 1758. அதன் மையம் நீலகிரியில் வெலிங்டனில் உள்ளது. அங்கே பயிற்சி முடித்தவர் ஒரு பட்டாலியனுக்குப் போவார். அந்தப் பட்டாலியன் காஷ்மீரில் ஒரு பிரிகேடில் இருக்கலாம், அதே ரெஜிமென்ட்டின் இன்னொரு பட்டாலியன் அருணாசலத்தில் வேறொரு பிரிகேடில் இருக்கலாம். பீரங்கிப் படையில் நிலைமை வேறு. அங்கே ரெஜிமென்ட் என்றால் வழக்கமாக 18 பீரங்கிகள் கொண்ட, பட்டாலியன் அளவிலான ஒரே அலகு.

அங்கே தமிழில் பேசலாமா?

தாராளமாக. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் தமிழர், மலையாளிகள், தெலுங்கர், கன்னடர் கலந்திருப்பதால் லைனில், அதாவது ஜவான்கள் தங்கும் குடியிருப்பில், நான்கு மொழியும் கேட்கும். வீரர்களைத் 'தம்பி' என்று அழைப்பதே அங்கு மரபு. 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்பதே போர் முழக்கம். ஆனால் கவாத்துக் கட்டளைகளும் அன்றாட உத்தரவுகளும் இந்தியில்தான் வரும். தெரியாமல் போனால் முதல் சில மாதங்கள் சிரமம். பயிற்சி மையத்திலேயே பழகிவிடும்.

செக்‌ஷனின் பத்துப் பேர் சண்டையில் எப்படிப் பிரிகிறார்கள்?

பட்டாலியன் என்பது கடைசியில் இந்தப் பத்துப் பேர்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். செக்‌ஷனில் ஓர் இலகு இயந்திரத் துப்பாக்கி உண்டு. எல்.எம்.ஜி. என்பார்கள். அதைச் சுடுபவர், அவருக்குத் துணை, இவர்களை நடத்தும் செக்‌ஷன் துணைத்தலைவர் ஆகியோர் ஒரு குழு. மற்றவர்கள் செக்‌ஷன் தலைவரோடு ரைஃபிள் குழு. ஒரு குழு நகரும்போது மற்றது தரையில் படுத்துச் சுடும். இரண்டும் ஒரே நேரத்தில் நகரக்கூடாது.

கணக்கு தப்புவது பெரும்பாலும் எல்.எம்.ஜி.யை வைக்கும் இடத்தில். தாக்கும் குழுவுக்கு நேர் பின்னால் வைத்தால், அந்தக் குழு எதிரியை நெருங்க நெருங்க நம் ஆட்களே குறுக்கே வந்துவிடுவார்கள். மிகவும் தேவைப்படும் கடைசி 50 மீட்டரில் துப்பாக்கி வாயடைத்து நிற்கும். தாக்கும் திசைக்கு ஏறக்குறைய செங்குத்தாக, பக்கவாட்டில் வைத்தால் கடைசிவரை சுடலாம். பிறகு சூட்டை எதிரியின் பின்புறத்துக்கு நகர்த்தினால் போதும்.

அடுத்த தவறு, செக்‌ஷன் தலைவரே சுடுவதில் மூழ்கிவிடுவது. அவர் கண் தன் துப்பாக்கிக் குறியில் நிலைத்துவிட்டால் ஒன்பது பேரும் அவரவர் போக்கில் சுடுவார்கள், பத்து நிமிடத்தில் தோட்டா தீரும். அதனால்தான் சுடும் உத்தரவுக்கு ஒரு வரிசை கற்பிக்கப்படுகிறது: யார், எவ்வளவு தூரம், எந்த இலக்கு, எந்த வகைச் சூடு. 'ரைஃபிள் குழு, 300, ஒற்றைப் பனைக்கு வலப்புறம் மண்மேடு, நிதானமாகச் சுடு' என்கிற மாதிரி. இந்த வரிசை மாறினால் கேட்பவன் குழம்புவான். தூரம் சொல்லாமல் இலக்கை மட்டும் சொன்னால் பத்துப் பேரும் பத்து மேட்டைத் தேடுவார்கள்.

ஜே.சி.ஓ. என்றால் அதிகாரியா, ஜவானா?

ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர் என்பதன் சுருக்கம் அது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர். நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என மூன்று படிகள். பெரும்பாலும் சிப்பாயாகச் சேர்ந்து மேலே வந்தவர்கள். அதிகாரிகளும் இவர்களைச் 'சாஹிப்' என்றே அழைப்பார்கள். பட்டாலியனின் சுபேதார் மேஜர், கர்னலிடம் நேரே போய்ப் பேசக்கூடியவர்.

இவர்களைத் தாண்டிப் போவதுதான் இளம் லெஃப்டினன்ட்டுகள் அடிக்கடி செய்யும் பிழை. ஜவான்களிடம் நேரடியாக வேலை சொல்வது சுறுசுறுப்பாகத் தோன்றும். ஆனால் அந்த ஜவானைச் சுபேதார் சாஹிப் ஏற்கெனவே காவலுக்குப் போட்டிருப்பார். இரண்டு முறை இப்படி நடந்தால் ஜே.சி.ஓ. பொறுப்பெடுப்பதை நிறுத்திவிடுவார். புதிதாக வரும் அதிகாரியைச் சில வாரங்கள் ஜவான்களோடு லைனிலேயே தங்கவைக்கும் பழக்கம் இதனால்தான். யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

ஜே.சி.ஓ. பெரிய தாக்குதலையே நடத்தலாம். 1987 ஜூனில் சியாச்சினில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 21,000 அடி உயரத்திலிருந்த எதிரிக் காவல்நிலையைச் சிறு குழுவோடு கைப்பற்றியவர் 8ஆவது ஜம்மு காஷ்மீர் லைட் இன்ஃபன்ட்ரியின் நாயப் சுபேதார் பாணா சிங். பரம்வீர் சக்கரம் பெற்றார்.

கம்பெனியில் மேஜர் தவிர வேறு யாரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

கம்பெனி ஹவில்தார் மேஜர், கம்பெனி குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார் இருவரையும். முதலாமவர் கையில் காவல் பட்டியல், ஒழுங்கு, ரோல் கால். சண்டையில் தோட்டாவை முன்னே அனுப்புவதும், காயம்பட்டவரையும் பிடிபட்ட கைதியையும் பின்னே அனுப்புவதும் அவர் வேலை. இரண்டாமவர் கையில் ரேஷன், லங்கர் எனப்படும் சமையற்கூடம், உடை, ஸ்டோர். இவர்கள் திறமையானவர்களாக இருந்தால் மேஜருக்குச் சிந்திக்க நேரம் கிடைக்கும். இல்லையென்றால் அவர் நாள் முழுவதும் கம்பளிக் கணக்கு பார்த்துக்கொண்டிருப்பார்.

பதவி ஒன்று, கைத்திறன் வேறொன்று என்பதையும் நல்ல பட்டாலியன் மறக்காது. 1965 செப்டம்பர் 10 அன்று கேம்கரண் பகுதியில் ஜீப்பில் ஏற்றிய 106 மி.மீ. ரிகாயில்லெஸ் துப்பாக்கியால் பாகிஸ்தான் டாங்கிகளை அழித்து உயிர்நீத்த அப்துல் ஹமீது, 4 கிரெனடியர்ஸில் கம்பெனி குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார்.

சப்போர்ட் கம்பெனியும் காத்தக் பிளட்டூனும் எதற்கு?

81 மி.மீ. மோர்டார், டாங்கி எதிர்ப்பு ஏவுகணை போன்ற கனரக ஆயுதங்கள் சப்போர்ட் கம்பெனியில் இருக்கும். கர்னல் தேவைக்கேற்ப அவற்றைக் கம்பெனிகளுக்குப் பங்கிடுவார். காத்தக் என்பது சுமார் 20 பேர் கொண்ட தேர்ந்த பிளட்டூன். பதுங்கிச் சென்று திடீர்த் தாக்குதல் நடத்தவும் வேவு பார்க்கவும் பயன்படும், கர்னலின் நேரடிக் கையில் இருக்கும்.

தாக்குதல் உத்தரவு மேலிருந்து கீழே எப்படி இறங்குகிறது?

ஒவ்வொரு படியிலும் ஓர் உத்தரவுக் கூட்டம் நடக்கும். 'ஓ குரூப்' என்பார்கள். தலைப்புகள் ஐந்து, வரிசை மாறாது: நிலைமை, பணி, நிறைவேற்றும் முறை, நிர்வாகமும் வழங்கலும், கட்டளையும் தொடர்பும். பணியை இரண்டு முறை சொல்வார்கள். தரையில் மணல், சுண்ணாம்பு, நூல் வைத்து நிலத்தின் மாதிரி செய்து அதன்மேல் நின்று விளக்குவார்கள்.

உத்தரவு தெளிவாக இருந்தும் தாக்குதல் கெடுவது பெரும்பாலும் நேரத்தால். ஓர் உதாரணக் கணக்கு. காலை 10 மணிக்குப் பிரிகேடியர் பட்டாலியனுக்கு உத்தரவு தருகிறார். தாக்குதல் மறுநாள் அதிகாலை 4 மணி. கையில் 18 மணி நேரம் இருப்பதாகத் தோன்றும். பின்னோக்கி எண்ணுங்கள். தாக்குதலுக்கு அணிவகுக்கும் இடத்தில் 3.30க்கு இருக்க வேண்டும். அங்கே போக 5 கிலோமீட்டர், இருட்டில், பாதையில்லாத நிலத்தில். மணிக்கு 2 கிலோமீட்டர் என்றால் இரண்டரை மணி நேரம். ஆக, இரவு 1 மணிக்குக் கிளம்பியாக வேண்டும். இருப்பது 15 மணி நேரம்தான்.

விதி என்னவென்றால், ஒவ்வொரு தலைவரும் தனக்குக் கிடைத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே விட வேண்டும். கர்னல் 5 மணி நேரம் எடுத்து மாலை 3 மணிக்கு முடிக்கிறார். கம்பெனித் தலைவர் 6.20க்கு முடிக்கிறார். பிளட்டூன் தலைவர் 8.30 அளவில். செக்‌ஷன் தலைவருக்குச் சுமார் நாலரை மணி நேரம் மிஞ்சுகிறது. இதே மூவரும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டால்? கர்னல் 5.30, மேஜர் 9.15, சுபேதார் 11 மணி தாண்டி. செக்‌ஷனுக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. அதற்குள் அவர் ஒன்பது பேருக்கும் விளக்க வேண்டும், தோட்டா பார்க்க வேண்டும், எல்லோரும் சாப்பிட வேண்டும்.

கவனித்தீர்களா, மூன்றில் ஒரு பங்கு விதியை ஒழுங்காகப் பின்பற்றினாலும் சுபேதாரின் உத்தரவு முடியும்போது இருட்டிவிடுகிறது. செக்‌ஷன் தலைவர் தான் ஏறப்போகும் மேட்டைப் பகலில் பார்க்கவே இல்லை. ஆகவே வரிசையாகக் காத்திருந்தால் ஆகாது. 10.30க்கே எச்சரிக்கை உத்தரவு கீழே போய்விட வேண்டும். என்ன வகைப் பணி, எத்தனை மணிக்கு முன் கிளம்ப மாட்டோம், எதை எடுத்துக்கொள்ள வேண்டும், ஓ குரூப் எங்கே, எப்போது என்ற அளவில் அது இருந்தாலே போதும். தோட்டா வழங்கல், வயர்லெஸ் பேட்டரி, சாப்பாடு எல்லாம் அதைக் கொண்டே தொடங்கிவிடும். முழு உத்தரவு தயாராகும் முன்பே, மாலை 5 மணிக்குள் செக்‌ஷன் தலைவர்களை மறைவான ஓரிடத்துக்குக் கூட்டிப்போய் நிலத்தைக் காட்டிவிட வேண்டும். அரைகுறையாகத் தெரிந்த திட்டத்தோடு பகலில் பார்த்த நிலம், முழுத் திட்டத்தோடு இருட்டில் பார்த்ததைவிட எவ்வளவோ மேல்.

உத்தரவில் வழக்கமாக எங்கே ஓட்டை விழுகிறது?

எல்லைக் கோட்டில். இரண்டு பிளட்டூன்களுக்கு நடுவே 'ஓடைதான் எல்லை' என்று சொல்லிவிட்டு, ஓடை யாருக்கு என்று சொல்லாமல் விடுவது. இருவருமே அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டால் எதிரி அதன் வழியே வருவான். இருவருமே ஆள் அனுப்பினால் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள். எல்லையாகச் சொல்லும் ஒவ்வொரு ஓடையும் பாதையும் யாருடையது என்று பெயர் சொல்லியே தர வேண்டும்.

அடுத்தது மங்கலான வினைச்சொல். 'உதவி செய்', 'கவனித்துக்கொள்' என்றால் எதுவும் விளங்காது. 'கைப்பற்று', 'பிடித்து நில்', 'சூட்டால் அடக்கு' என்றிருக்க வேண்டும். முடிவில் 'சந்தேகம் இருக்கிறதா?' என்று கேட்பதில் பயனில்லை, எவரும் கை தூக்குவதில்லை. ஒவ்வொருவரையும் அவருடைய பணியைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் ஓட்டை உடனே தெரியும்.

வேறு படையிலிருந்து வரும் குழு யாருடைய பேச்சைக் கேட்கும்?

அது எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 'அண்டர் கமாண்ட்' என்றால் கம்பெனித் தலைவர் அவர்களை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம், எந்த வேலையும் தரலாம். கூடவே சோறும் மருத்துவமும் அவர் பொறுப்பு. 'இன் சப்போர்ட்' என்றால் அவர் வேலையைக் கேட்கலாம், அதை எப்படிச் செய்வது என்பதை அவர்களுடைய தலைவரே முடிவு செய்வார். பீரங்கி ஏறக்குறைய எப்போதும் இரண்டாவது வகை. பீரங்கிகள் பல கிலோமீட்டர் பின்னால் இருக்க, ஒரு பீரங்கி அதிகாரி மட்டும் வயர்லெஸ்ஸோடு கம்பெனித் தலைவரின் பக்கத்தில் நடப்பார்.

தகராறு வருவது சாப்பாட்டில்தான். மாலை 5 மணிக்குப் பொறியாளர் குழு வந்து சேரும். ரேஷன் எதுவரை அவர்களுடைய சொந்தப் படை தந்தது என்று யாருக்கும் தெரியாது. வந்து சேரும் இடம், நேரம், ரேஷன் எந்த நாள்வரை கையில் இருக்கும் என்ற மூன்றையும் இணைப்பு உத்தரவிலேயே எழுதினால் இந்தச் சிக்கல் எழாது.

தலைவர் வீழ்ந்தால் அடுத்து யார்?

முன்கூட்டியே முடிவானது, உத்தரவின் ஐந்தாவது தலைப்பில் பெயரோடு சொல்லப்படும். பிளட்டூனில் பிளட்டூன் ஹவில்தார், பிறகு மூத்த செக்‌ஷன் தலைவர். கம்பெனியில் இரண்டாவது அதிகாரி, அவர் இல்லாவிட்டால் மூத்த ஜே.சி.ஓ. பட்டாலியனில் துணைத்தலைவர். இதற்காகவே கர்னலும் துணைத்தலைவரும் ஒரே வாகனத்தில் போவதைத் தவிர்ப்பார்கள். தாக்குதலுக்கு முன் சிலரை வேண்டுமென்றே பின்னால் நிறுத்திவைப்பதும் உண்டு. இழப்பு அதிகமானால் அவர்களை வைத்துக் கம்பெனியை மறுபடி கட்டலாம்.

பெயர் சொன்னால் மட்டும் போதாது. அவருக்குத் திட்டமும் தெரிந்திருக்க வேண்டும். தனக்கு மேலே இரண்டு படிகளின் நோக்கம் என்ன என்பதை ஒவ்வொரு தலைவரும் அறிந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

கம்பெனியில் 120 பேர் என்றால், எப்போதும் 120 பேர் இருப்பார்களா?

இருக்கவே மாட்டார்கள். நிரந்தரப் பணியிலுள்ள ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்தர விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. 90 நாள் என்பது ஆண்டில் கால்வாசி. எல்லோருக்கும் இந்த முழு விடுப்பு கிடைத்தால் எந்த நாளிலும் சராசரியாக 30 பேர் ஊரில் இருப்பார்கள். அதோடு பயிற்சி வகுப்பு, மருத்துவமனை, பட்டாலியன் வேலைகள். களத்தில் நிற்பது எண்பது பேர் என்றால் ஆச்சரியப்படாதீர்கள்.

அப்போது ஒரு பிளட்டூனின் மூன்று செக்‌ஷனையும் ஆறாறு பேராக மெலியவிடுவதைவிட, இரண்டு செக்‌ஷனை ஒன்பது பேராக வைத்திருப்பதே நல்லது. ஆறு பேரில் எல்.எம்.ஜி. குழு போக மிஞ்சுவது மூவர். ஒருவர் காயப்பட்டால் தூக்க இருவர் வேண்டும். அந்த செக்‌ஷன் அங்கேயே நின்றுவிடும்.

ஜவான் தன் குறையை யாரிடம் சொல்லலாம்?

செக்‌ஷன் தலைவர், பிளட்டூன் தலைவர், கம்பெனித் தலைவர், கர்னல் என்று படிப்படியாக நேர்காணல் கேட்கலாம். நடுவில் யாரும் தடுக்கக்கூடாது. சைனிக் சம்மேளனத்தில் கர்னல் எல்லோர் முன்னும் நின்று பேசுவார், அங்கும் எழுந்து கேட்கலாம். விடுப்பு மறுப்பு, வீட்டு நிலத் தகராறு, பிள்ளை படிப்பு ஆகியவைதான் பெரும்பாலும் வரும். நிலத் தகராறு என்றால் பட்டாலியனிலிருந்து மாவட்ட ஆட்சியருக்கும், படைவீரர் நலனைக் கவனிக்கும் சைனிக் போர்டுக்கும் கடிதம் போகும். ஊரிலிருந்து வரும் போன் ஒன்று ஒரு நல்ல ஜவானைக் காவலில் கவனமில்லாமல் ஆக்கிவிடும் என்பதால், இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளும் கம்பெனித் தலைவர் தன் கம்பெனியையே அறியாதவர்.

தண்டனைப் பக்கமும் சட்டத்துக்கு உட்பட்டது. 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி கர்னல் சுருக்க விசாரணையில் 28 நாள்வரை இராணுவக் காவலில் சிறை விதிக்கலாம்.

அக்னிவீர் திட்டத்தால் செக்‌ஷனில் என்ன மாற்றம்?

2022இல் அறிவிக்கப்பட்ட இந்தத் திட்டத்தில் பணி நான்கு ஆண்டுகள், பயிற்சிக் காலமும் அதற்குள் அடக்கம். அதன்பின் 25 சதவீதம்வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவர். செக்‌ஷன் தலைவருக்கு ஆட்கள் வேகமாக மாறுவார்கள். எல்.எம்.ஜி., வயர்லெஸ், முதலுதவி இவற்றில் ஒவ்வொன்றுக்கும் இருவரையாவது முதல் ஆண்டிலேயே தயார்செய்ய வேண்டிய கட்டாயம் இப்போது கூடியிருக்கிறது.

ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் பட்டாலியனும் இதே அமைப்புதானா?

அடிப்படை ஒன்று, அளவு வேறு. தீவிரவாத எதிர்ப்புப் பணிக்காக 1990இல் தொடங்கப்பட்ட இந்தப் படையில் பட்டாலியனுக்கு ஆறு ரைஃபிள் கம்பெனிகள். கனரக ஆயுதங்கள் குறைவு. ஆட்கள் தாய் ரெஜிமென்ட்டுகளிலிருந்தும் பிற படைகளிலிருந்தும் குறிப்பிட்ட காலத்துக்கு வந்து போவார்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் பகுதியில் தனி முகாமில் இருப்பதால் கம்பெனித் தலைவர் மேல் விழும் பாரம் அதிகம். 2014 ஏப்ரலில் சோபியான் மாவட்டத்தில் வீரமரணமடைந்து அசோக சக்கரம் பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் பணியாற்றியவர்.

கம்பெனிப் பொறுப்பை ஏற்கும் மேஜர் முதல் வாரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

கோத் எனப்படும் ஆயுத அறையை முதலில். பதிவேட்டில் உள்ள மொத்தத்தை நம்பாமல், ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணையும் ஒருவர் வாசிக்க இன்னொருவர் ஆயுதத்தில் பார்க்க வேண்டும். இரவுநோக்குக் கருவி, தொலைநோக்கி, பேயனட் இவையும் அப்படியே. குறைவு இருந்தால் பொறுப்பேற்புச் சான்றில் கையெழுத்திடும் முன் எழுத்தில் வர வேண்டும், கையெழுத்திட்ட பிறகு அது அவருடைய குறைவு.

பிறகு விடுப்புப் பட்டியல். ஆறு மாதமாக வீட்டுக்குப் போகாதவர் யார், ஏன்? அடுத்து ஒவ்வொரு காவல்நிலைக்கும் இரவில் ஒரு முறை, சொல்லாமல், ஹவில்தார் மேஜரோடு நடந்து போக வேண்டும். காவலாளியிடம் மூன்று கேள்விகள் போதும்: உன் சூட்டுப் பரப்பு எது, இடப்புறம் அடுத்த நிலையில் யார், சத்தம் கேட்டால் முதலில் யாருக்குச் சொல்வாய்? பதில் சரியாக வரவில்லை என்றால் அங்கேயே அவனைத் திட்டக்கூடாது. மறுநாள் காலை பிளட்டூன் தலைவரை அழைத்து, அவருடைய செக்‌ஷன் தலைவர்கள் காவலுக்கு முன் விளக்கம் தருகிறார்களா என்று கேட்க வேண்டும்.